இரண்டு மாரியம்மாள்

காலை பதினொன்று நாற்பத்திரண்டுக்கு உன் போன் அடித்தது. நாலு நாள் காய்ச்சலில் நீ இறந்துபோன பிறகு, இந்த ஐந்து மாதமும் அதற்கு நான்தான் சார்ஜ் போடுகிறேன். கழக்கூட்டம் ஐ.டி. ஆபீசில் என் கீபோர்டுக்குப் பக்கத்தில் கிடக்கும். வீட்டுப் பட்டியல் மனுவில் உன் நம்பரைத்தானே கொடுத்திருந்தாய்.

"சேச்சிகிட்ட பறயணும் கேட்டோ. லிஸ்ட் செரியாயி. பதினோரு பேரும் உண்டு" என்றார் சர்க்கார் ஆபீஸ் கிளார்க். சேச்சி என்றது உன்னை; நீ இல்லாதது அவருக்குத் தெரியாது. சொல்லிவிடுகிறேன் என்றேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கல்யாணமான புதிதில், போனக்காட்டில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான உங்கள் லயத்து வாசலில் உட்கார்ந்து அந்தப் பட்டியலைச் சுத்தம் செய்தவன் நான். வீடு கிடைக்கவேண்டிய தொழிலாளர் பட்டியல். பலர் இரண்டு முறை ஏறியிருந்தார்கள். பெயரும் தகப்பன் பெயரும் ஒன்றானால் ஒரே ஆள் என்று வைத்து, ஒன்றை அழித்தேன். பத்தே நிமிடம். பெருமையாக இருந்தது. பட்டியல் அப்படியே சர்க்கார் ஆபீசுக்குப் போனது. அச்சாகி வந்தபோது உன் அம்மாவோடு சேர்த்துப் பதினோரு பேர் அதில் இல்லை.

"மாரியம்மா, அப்பா பேரு கருப்பையா. எங்க லயத்துலயே ரெண்டு பேரு இருக்காங்க. எங்கம்மாவ அழிச்சிட்டீங்களே, எஞ்சினியர் சாரே!"

அத்தை அதற்கும் மேலே போனார். "நான் வச்ச கோழியத் தின்னுட்டுத்தான மருமவனே அழிச்சீங்க?"

டேட்டாபேஸ் டேபிளில் ஒவ்வொரு வரிக்கும் பிரைமரி கீ என்று ஓர் அடையாள எண் வேண்டும், அது இரண்டு பேருக்கு வரக்கூடாது, மாறக்கூடாது, காலியாக இருக்கக்கூடாது என்று உன்னிடம் விளக்கினேன். "அப்ப நீங்க பேர ஏன் அடையாளமா வச்சீங்க?" என்றாய். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதல் நாளே சொல்லும் பாடம் அது.

அப்புறம் சனிக்கிழமைதோறும் போனக்காட்டுக்குப் பஸ் ஏறினாய். வீடு வீடாக, ஆளுக்கொரு நம்பர். அத்தையின் நம்பர் அறுபத்திநாலு. பிள்ளையின் வரியில் தாயின் நம்பரை எழுதினாய். அதற்குப் பெயர் ஃபாரின் கீ என்றேன். "இதுக்கு ஒரு பேரு வேறயா? புள்ளையப் பாத்ததும் யாரு மகன்னுதான கேப்போம்" என்று சிரித்தாய்.

ஒரு பெரியவர் இறந்தபோது, அவர் நம்பரைப் புதிதாய்ப் பிறந்த பிள்ளைக்குக் கொடுத்தால் என்ன என்று வேண்டுமென்றே சீண்டினேன். முறைத்தாய். "ஆளு போனா நம்பரும் போயிருமா? அவரு நம்பரு அவருக்குத்தான்."

உன் நம்பர் அறுபத்தைந்து. இறந்த தேதிக் கட்டத்தை நான் இன்னும் நிரப்பவில்லை. காலி என்றால் பூஜ்யம் இல்லை, தெரியாது என்று அர்த்தம்; இதையும் உனக்கு நான்தான் சொன்னேன். எனக்குத் தேதி தெரியும். இன்று நிரப்புவேன். வரி அங்கேயே இருக்கும். அத்தையின் வரியோடு சேர்ந்தே இருக்கும்.

செய்தி மலைக்குப் போய்விட்டது. போனுக்கு ரேஞ்ச் கிடைக்கும் வளைவுவரை இறங்கி வந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார்கள். நீ இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் உன் போனுக்குத்தான் அடிக்கிறார்கள். முதல் ஆள் அத்தை.

"மருமவனே, அறுபத்திநாலு பேசுறேன்! ஜெயிச்சிட்டா எம்மவ!"

போனில் அவருக்குப் பின்னால் விசில் சத்தம் கேட்டது. இதோ, மறுபடி உன் போன் அடிக்கிறது. கூடவே என்னுடையதும், மீட்டிங்குக்கு மேனேஜர் தேடுகிறார். உன்னுடையதை எடுக்கப் போகிறேன். என் போனை அணைத்துவிட்டேன்.