ஐந்தாம் மாடி

செவ்வாய், இரவு.

இன்று பக்கத்துக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியை இடித்துவிட்டார்கள். விமானம் இறங்கும் பாதையில் அனுமதித்த உயரத்தைத் தாண்டிவிட்டதாம். துபாய் வேலையை விட்டுவிட்டு வர இருந்த மகன் குடும்பத்தோடு குடியிருக்க யூசுப் பாய் கட்டியது. அது எழும்பியதும் என் மொட்டைமாடிக்குக் காற்று நின்றுபோனது, மலைக்கோட்டை மறைந்தது. ஏர்போர்ட் அலுவலகத்துக்குப் பெயர் போடாமல் கடிதம் எழுதியவன் நான்தான்.

இடிக்கும்போது பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சார், மகன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. எனக்குப் பேச்சு வரல" என்று போனை நீட்டினார்.

சொன்னேன். பையன், "அப்ப நான் வந்து எங்க இருக்கிறது அங்கிள்? இன்னும் ரெண்டு வருஷம் இங்கேயே ஓட்டிடுறேன்" என்றான். "யாரு அங்கிள் எழுதிப் போட்டது?"

"யாருக்கோ பொறாமைப்பா" என்றேன். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

"அத்தாவைப் பாத்துக்கங்க அங்கிள். அங்க உங்களை விட்டா அவருக்கு யாரு இருக்கா?"

சரி என்றேன்.

பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போதுமா என்று கேட்டார். போதும் என்றேன்.