அழியாத மார்க்கரில் ஏழு வரி

இன்று காலை கூடத்தைத் திறந்ததும் ஜன்னலைக்கூடத் திறக்காமல் நேராக வெள்ளைப் பலகை முன்னால் போய் நின்றேன். உன் கடைசி வரியை அழிக்க வேண்டும். கறுப்பு மார்க்கரின் மூடியைக் கழற்றியதும் குப்பென்று அந்த ஸ்பிரிட் வாசனை. கீழே உரக்கடையிலிருந்து படியேறி வரும் நெடியையும் மீறி மூக்கில் ஏறுவது அது ஒன்றுதான். உனக்கு அது பிடிக்கும். மூடியைத் திறந்ததும் ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுத ஆரம்பிப்பாய். "இன்னாடி பழக்கம் இது" என்று நான் திட்டுவேன். இன்று நானும் ஒரு தரம் முகர்ந்து பார்த்தேன். தெரிந்தால் விழுந்து விழுந்து சிரிப்பாய்.

உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள். வரிசையாகச் சொல்லிப் பார்த்தால்தான் நான் எப்படி மாட்டிக்கொண்டேன் என்று எனக்கே விளங்குகிறது.

சென்னை வேலையை விட்டுவிட்டு நீ ஊர் திரும்பியபோது உன்னோடு வந்தவை மின் அலையைத் திரையில் காட்டும் ஒரு பழைய ஆசிலோஸ்கோப்பும் நான்கு சால்டரிங் இரும்புகளும்தான். சங்கராபுரம் சாலையில் உரக்கடை மாடியைப் பிடித்து, வாசலில் 'ஹேக்கர்ஸ்பேஸ்' என்று எழுதி மாட்டினாய். மறுநாளே ஒருவர் படியேறி வந்து, தன் மச்சான் போனில் யாரோடு பேசுகிறான் என்று கண்டுபிடித்துத் தர முடியுமா என்று காதோரம் கேட்டார். அன்று மாலையே பெயரை அழித்துவிட்டுக் 'கூடம்' என்று எழுதினோம். கருவிகள் எல்லாருக்கும் பொது. யாரும் வரலாம், எதையும் திறந்து பார்க்கலாம், தெரிந்தவர் தெரியாதவருக்குக் காட்டித் தரலாம். ஊர் அதற்குத் தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டது: கழட்டுற எடம்.

பலகைச் சட்டம் உன்னுடையது. ஆரம்பத்தில் வருகிறவர்கள் எல்லாம் வீராவேசமாக 'அடுத்த ஞாயிறு ரோபோ செய்வோம்' என்று எழுதிவிட்டு, அந்த ஞாயிறு கல்யாணத்துக்குப் போய்விடுவார்கள். சங்கராபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினார்கள். அப்போது நீ பலகையின் மேல் ஓரத்தில் எழுதினாய்: எழுதினவங்க நடத்தணும். நடக்காததை அழிக்கக் கூடாது. எழுதினவர் வர முடியாமல் போனால் சாவி வைத்திருப்பவர் நடத்த வேண்டும் என்பது எழுதாத சட்டம். சாவி இரண்டு. ஒன்று உன்னிடம், இன்னொன்று என்னிடம்.

ஆவணியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் காய்ச்சல் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். காதில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் மாடியேறி வந்து, வரப்போகிற நிகழ்ச்சிகளை ஏழு வரியில் எழுதினாய். மிக்ஸி மோட்டார் ஞாயிறு. செத்த போனைத் திறக்கும் ஞாயிறு. பழைய கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் போடும் ஞாயிறு. பம்புசெட் ஸ்டார்ட்டர் ஞாயிறு. பெண்கள் மட்டும் சால்டரிங் ஞாயிறு. சோலார் விளக்கு ஞாயிறு. கடைசியாக, 'மலைக் கூட்டம்: அவங்க சொல்ற ஞாயிறு'. நத்தை சுருண்டு கிடப்பதுபோல் நீ எழுதும் அந்த 'ஞா' வரிக்கு வரி உட்கார்ந்திருந்தது. எழுதி முடித்த பிறகுதான் நான் உன் கையில் இருந்ததைக் கவனித்தேன். பெட்டிகளில் பெயர் எழுத வைத்திருந்த அழியாத மார்க்கர்.

"ஏய், இது அழியாதுடி."

"அழியலன்னா இன்னா, நடத்தித்தான் ஆவணும்" என்றாய். மூச்சு வாங்கியது. ஆனாலும் சிரித்தாய்.

ஒன்பதாம் நாள் நீ இல்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் உன் அம்மாவிடம் போனார்கள். கூடத்துக்கு வந்தவர்கள் என்னிடம் வந்தார்கள். உன் சாவியையும் என் கையிலேயே வைத்தார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் சர்வீஸ் கடையில் ஆறு நாளும் வேலை பார்த்துவிட்டு, ஏழாம் நாளும் மாடியேறினேன். ஒரு வரி முடிந்தால் இன்னொரு வரி. பம்புசெட் ஞாயிறுக்குத் தியாகதுருகம் பக்கமிருந்து வந்த விவசாயிகளுக்குக் கீழே செருப்பு விட இடமில்லை. பெண்கள் சால்டரிங் அன்று ஒருத்தி முந்தானையில் ஓட்டை போட்டுக்கொண்டு, "பரவால்லக்கா, பழைய பொடவதான்" என்றாள். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. முடிகிற நேரத்தில் யாராவது ஒருவர், "அவங்க இருந்தா" என்று ஆரம்பிப்பார். நான் பாத்திரம் கழுவப் போய்விடுவேன்.

அழியாத மார்க்கரை எப்படி அழிப்பது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். அதன்மேலேயே சாதாரணப் பலகை மார்க்கரால் திரும்ப எழுதி, காய்வதற்குள் துடைத்தால் இரண்டும் சேர்ந்து வந்துவிடும். ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் அந்த வரியை நான்தான் அப்படி அழித்தேன். உன் எழுத்தின்மேலேயே விலகாமல் எழுத வேண்டும். கோடு விலகினால் அழுக்கு நின்றுவிடும். தை முடிவதற்குள் ஆறு வரி போய்விட்டது. ஏழாவது மட்டும் நின்றது.

தையில்தான் ஓசூரிலிருந்து வேலைக்குக் கடிதம் வந்தது. கருவிகளைச் சோதித்துப் பார்க்கும் பிரிவு, எனக்குப் பிடித்த வேலை. தங்கச்சி அங்கேதான் இருக்கிறாள். அவகாசம் கேட்டேன், கொடுத்தார்கள். சித்திரையில் இன்னொரு தேதி கொடுத்து, இதற்கு மேல் முடியாது என்றார்கள். கூடத்தில் உட்கார்ந்து அந்த ஒரு வரியைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவங்க சொல்ற ஞாயிறு. சுவரில் ஆணி அடித்து என்னை மாட்டிவிட்டுப் போனாய் என்று தோன்றும்.

மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கட்டுகிற குப்புசாமி அண்ணன் வாராவாரம் கேட்பார். "மலையில இன்னாம்மா சொல்றாங்க?"

"மழை போவட்டும்ங்கறாங்கண்ணே." அடுத்த மாதம், "அறுப்பு முடியட்டுமாம்." அதற்கடுத்து, "புளி எடுத்துக்கினு இருக்காங்களாம்."

எல்லாம் பொய். இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும்.

நீ இரண்டு தரம் மலையேறிப் பார்த்துவிட்டு வந்த ஊர் அது. வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். போனில் சிக்னல் ஒரு கோடு கிடைக்கவே மேட்டுக்கு ஏற வேண்டும். ஆஸ்பத்திரி வண்டியைக் கூப்பிடவும் அந்த மேடுதான். நீ செய்த சின்ன ரேடியோப் பெட்டிகளில் ஒன்று ஊரில், ஒன்று மேட்டில், ஒன்று ரோட்டோரத்தில் இருந்தால், டவர் இல்லாமலே போனில் அடித்த நாலு வார்த்தை கீழே வந்து சேர்ந்துவிடும். அந்த ஊர் மகளிர் குழுவைப் பார்த்துக்கொள்ளும் ராமாயி அம்மாவிடம், "நாள நீங்க சொல்லுங்கம்மா, பெட்டிய நான் தூக்கிக்கினு வரேன்" என்று சொல்லிவிட்டு வந்தாய்.

கூடத்தின் நம்பர் உன் போன்தானே. அதைச் சார்ஜில் போட்டு வைத்திருந்தேன். புரட்டாசியில் ராமாயி அம்மா மேட்டிலிருந்து கூப்பிட்டார். "அந்தப் பொண்ணு இல்லியாம்மா?" என்றார். ஊரில் மற்ற எல்லாருக்கும் குப்புசாமி அண்ணன்தான் சொல்லி முடித்திருந்தார். நான் யாரிடமும் ஒரு தரம்கூட அதை என் வாயால் சொன்னதில்லை. "வெளிய போயிருக்குதுங்க" என்றேன்.

"வரட்டும்மா. அது வந்ததும் நாள் வெச்சிக்கலாம்" என்றார்.

அதோடு பூட்டு விழுந்தது. அடுத்த தரம் கூப்பிட்டபோதும் வெளியே போயிருந்தாய். அதற்கடுத்த தரமும். ஒவ்வொரு தரம் சொன்னதும் அடுத்த தரம் உண்மையைச் சொல்வது இன்னும் கஷ்டமானது. நீ வராமல் அவர் நாள் சொல்ல மாட்டார். அவர் நாள் சொல்லாமல் வரி அழியாது. வரி அழியாமல் நான் நகர முடியாது. சர்க்யூட் எங்கே அடைத்திருக்கிறது என்று ஊர் பெட்டியெல்லாம் திறந்து பார்க்கிறவளுக்கு, தன் வாய்தான் அடைத்திருக்கிறது என்று தெரிந்தும் திறக்க வரவில்லை.

போன புதன்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு, இறங்கித் திரும்பிவிடலாமா என்றிருந்தது. ராமாயி அம்மா வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தார். என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அது எங்கம்மா, பின்னால வருதா?"

"இல்லீங்க. அவ செத்துட்டா. எட்டு மாசம் ஆவுது."

அவர் கையில் இருந்த கட்டையைக் கீழே வைத்தார். பிறகு, "நான் கேக்கறப்பல்லாம் வெளிய போயிருக்குதுன்னியே" என்றார்.

"ஆமாங்க."

"நாங்க இங்க வாரா வாரம் ஒரு ஆள மேட்டுக்கு அனுப்பிக்கினு இருந்தோம்மா, அது போன் பண்ணுதான்னு. மாசியில எம் மருமவளுக்கு வலி வந்து, தூளி கட்டி நாலு பேரு தூக்கினு எறங்கனாங்க. பாதி வழியிலயே புள்ள பொறந்துச்சி. ரெண்டு உசுரும் தப்பிச்சிது, சாமி புண்ணியம்."

உள்ளேயிருந்து அந்தக் குழந்தையின் அழுகை கேட்டது. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. இத்தனை மாதமும் மாட்டிக்கொண்டது நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஊரையே சேர்த்துப் பூட்டி வைத்திருந்திருக்கிறேன். பெட்டிகள் மூன்றும் கூடத்து அலமாரியில் துணி போட்டு மூடிக் கிடந்தன. அழுதேன். அவர் தடுக்கவில்லை. அழுது முடித்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "ஞாயித்துக்கெழம வாங்க. எல்லாரயும் இருக்கச் சொல்றேன்" என்றார். அவ்வளவுதான். எட்டு மாதம் காத்துக் கிடந்த நாள் ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கும் நேரத்துக்குள் கிடைத்துவிட்டது.

நேற்று நடந்தது மலைக் கூட்டம். ஊர் பூராவும் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தது. ஊருக்குள் ஒரு பெட்டியை வைத்து, மேட்டு மரத்தில் ஒன்றைக் கட்டினோம். குப்புசாமி அண்ணன் இன்னொரு பெட்டியோடு கீழே ரோட்டோரம் நின்றார். எந்தச் செய்தி வந்தாலும் அவர் ஒரே பதில்தான் அடிக்க வேண்டும் என்று பேச்சு: 'கிடைச்சது, தெளிவா இருக்குது'. முதலில் என்ன அனுப்பலாம் என்று கேட்டேன். வழக்கம்போல் வணக்கம் என்று அனுப்பிப் பார்ப்போம் என்றுதான் நினைத்தேன்.

ராமாயி அம்மா, "அந்தப் பொண்ணு செத்துப்போச்சின்னு அனுப்பு. உங் கையாலயே அனுப்பு" என்றார்.

அடித்தேன். மூன்று சொல். இரண்டு தரம் திருத்தினேன். அனுப்பிவிட்டு எல்லாரும் போனையே பார்த்தோம். சிறிது நேரம் ஒன்றும் வரவில்லை. எட்டு மாதத்துக்கு முன் ஊருக்கெல்லாம் அதைச் சொன்ன மனிதர், அதை முதல் தரம் என்னிடமிருந்து படித்துக்கொண்டு கீழே ரோட்டோரம் நின்றிருந்தார். பிறகு பதில் வந்தது.

'கிடைச்சதும்மா. தெளிவா இருக்குது.'

பேச்சுக்குள் இல்லாத ஒரு 'மா' அதில் கூட இருந்தது.

ஆகவே இன்று காலை பலகை முன் நின்றேன். உன் வரிமேல் எழுதினேன். மலைக் கூட்டம்: அவங்க சொல்ற ஞாயிறு. நத்தையைச் சுற்றும்போது மட்டும் மெதுவாகப் போனேன். மை காய்வதற்குள் துடைக்க வேண்டும். துடைத்தேன். பலகை வெறும் வெள்ளையாக இருந்தது. கூடத்துக்குள் காற்றே இல்லாததுபோல் இருக்கவே, அப்போதுதான் ஜன்னலைத் திறந்தேன்.

குப்புசாமி அண்ணன் வந்தார். இரண்டு சாவிகளையும் கொடுத்தேன். அவர் கைகளைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, "அடுத்த வாரத்துது நான் நடத்தறேம்மா. கண்ணாடி எடுத்தார மறந்துட்டேன், நீயே எழுதிட்டுப் போ" என்றார். சாதாரண மார்க்கர்தானா என்று இரண்டு தரம் பார்த்துக்கொண்டேன். 'மிக்ஸி மோட்டார் ஞாயிறு – குப்புசாமி' என்று எழுதி, ஒரு எட்டு பின்னால் நகர்ந்து பார்த்தேன்.

உன் 'ஞா'. ஏழு தரம் உன்மேல் எழுதி எழுதி என் கை அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது. என் பழைய 'ஞா' எப்படி இருக்கும் என்று ஓரத்தில் எழுதிப் பார்த்தேன், வரவில்லை.

நாளைக் காலை ஓசூர் பஸ். அங்கே சேரும்போது ஒரு பாரத்தில் பெயர், முகவரி எல்லாம் எழுதச் சொல்வார்கள். வார விடுமுறை என்றைக்கு வேண்டும் என்றும் கேட்பார்களாம். ஞாயிறு என்றுதான் எழுதுவேன்.