காக்காத் துப்பாக்கி

விராஜ்பேட்டை,
ஆகஸ்ட் 18.

புனே பட்டாளத்தில் இருக்கும் தம்பி பெள்ளியப்பாவுக்கு அக்கா தெச்சம்மா எழுதுவது. இகுத்தப்பன் அருளால் காபிச் செடிகளும் பன்றிகளும் சௌக்கியம். உன் அத்தானுக்குத்தான் சௌக்கியம் இல்லை.

மாமனார் போனபின் இவர் கைக்கு வந்ததே, பழைய ஒற்றைக்குண்டுத் துப்பாக்கி, அதன் பூர்வீகத்தை ஆராய்கிறேன் என்று கிளம்பினார். இவருடைய பாட்டனார் அதைக்கொண்டு புலியைச் சுட்டதும், புலியைக் கொன்றவனுக்குச் செய்யும் நம் வழக்கப்படி ஊர்கூடி அவருக்கும் செத்த புலிக்கும் கல்யாணம் செய்து வைத்ததும் உனக்கே மனப்பாடம். பூதக்கண்ணாடி, அளவு நாடா, படங்கள் என்று ஒரு வாரம் அமர்க்களம். லண்டனில் பழைய துப்பாக்கிகளை அறிந்த ஒருவருக்கு எல்லாம் போயிற்று.

அவர் பதிலில் போட்டு உடைத்துவிட்டார். குழாயின் வாய் ரொம்பச் சின்னதாம், வெள்ளைக்காரர்கள் வயலில் காக்கை சுடச் செய்ததாம். புலிமேல் பட்டால் சொறிந்துகொண்டு போயிருக்குமாம். உன் அத்தான் பன்றிக்கறியைக்கூடத் தள்ளிவிட்டார். “அப்போ எங்க தாத்தா காக்காயையா கட்டிக்கிட்டாரு?” என்று என்னிடம் பாய்ந்தார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை, பாவி.

துப்பாக்கியின் மரக்கட்டையில் உள்ள பித்தளைத் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்றும் லண்டன்காரர் கேட்டிருந்தார். வருஷா வருஷம் கைல்போதுப் பண்டிகையில் ஆயுதங்களுக்குப் பூஜை செய்யும்போது பூசிய சந்தனமும் குங்குமமும் அதில் அப்பிக் கிடந்தன. சாமிக்கு வைத்ததைச் சுரண்டக் கூடாது என்று இவர் பிடிவாதம். தோட்டத்துக்குப் போன சமயம் பார்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். பளிச்சென்று வந்தது ‘நெல்லிமாட’ என்று, நம் பிறந்த வீட்டுப் பெயர்!

மறைத்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? கேட்டதும் மனிதர் துள்ளி எழுந்தார். “நம்ம கல்யாணத்துல ரெண்டு வீட்டுத் துப்பாக்கியையும் சந்தனம் பூசி ஒண்ணா சாத்தி வச்சாங்கடி! உங்க ஆளுங்க பொண்ணையும் காக்காத் துப்பாக்கியையும் என் தலையில கட்டிட்டு, புலித் துப்பாக்கியைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க!”

அதிலிருந்து உன் பெயரை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கைல்போதுக்கு உன்னை அழைக்கக் கூடாதாம். இனி நெல்லிமாட வீட்டோடு கொடுக்கல் வாங்கல் இல்லையாம்.

தம்பி, உன் வீட்டுக் கூடத்தில் தொங்குகிற துப்பாக்கியின் வாயில் என் கட்டைவிரல் தாராளமாக நுழையும். அதன் தகட்டிலும் கொஞ்சம் புளி போட்டுப் பார். இவர் வீட்டுப் பெயர் வந்தால், பட்டாளத்து வீறாப்பைப் பெட்டியில் பூட்டிவிட்டுப் பண்டிகைக்கு அதோடு வந்து சேர். நம் காக்காத் துப்பாக்கியைச் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போ. ‘காக்கா’ என்ற வார்த்தை மட்டும் உன் வாயிலிருந்து வரக்கூடாது.

எனக்குச் சாகிற அவசரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் நம் வழக்கப்படி என் சாவை ஊருக்குச் சொல்ல இரண்டு வெடி போடுவார்களே, ஒன்றை அவர் போட வேண்டும், அடுத்ததை நீ போட வேண்டும். இரண்டையும் ஒருவரே போடும்படி வைத்துவிடாதே. காவேரம்மா உன்னைக் காப்பாளாக.

உன் அக்கா,
தெச்சம்மா