அம்பு படாத செபஸ்தியார்

அக்கா,

நம் வீட்டுச் செபஸ்தியார் நேற்றுச் சாயங்காலம் ஜெனியின் போனில் ஒருத்திக்கு முத்தம் கொடுத்தார். என் கண்ணால் பார்த்தேன். கையிலிருந்த காப்பித் தம்ளர் நழுவி விழுந்தது. எத்தனை துடைத்தும் அந்த இடம் இன்னும் பிசுபிசுக்கிறது.

“யம்மா, இங்க வாயேன், நம்ம புனிதர் கத்திச் சண்டை போடுறாரு!” என்று அவள் கூப்பிட்டபோது கேலி செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். பார்த்தால் நம் சுவரில் மாட்டியிருக்கும் படத்தின் அதே முகம். தலையில் அதே வெள்ளைத் துணி, மேலே பார்க்கும் அதே கண்கள், நெஞ்சில் வைத்த அதே கை. பேச்சு வராத காலத்துச் சினிமாவாம். அதில் அவன் கதாநாயகனாம். “மாதாவே!” என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு எஸ்தர் மதினி ஓடிவந்துவிட்டாள்.

பங்களாவில் வேலை பார்த்த அம்மா, துரை குடும்பம் சீமைக்குப் போனபோது விட்டுப்போன சாமான்களிலிருந்து எடுத்துவந்த படம் அது. மீசை தாடி இல்லாத இளம் முகம், வானத்தைப் பார்க்கும் கண். செபஸ்தியார்தான் என்று அம்மா சொன்னாள், நாமும் கும்பிட்டோம். “அப்ப அம்பு எங்கக்கா?” என்று, கோயில் செபஸ்தியார் உடம்பெல்லாம் தைத்திருக்கும் அம்பைப் பார்த்துவிட்டுச் சின்ன வயதில் நான் கேட்டதற்கு நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? “அம்பு படுறதுக்கு முந்தி எடுத்த படம்ட்டி. பேசாம முட்டி போடு.”

வருடா வருடம் அம்புத் திருநாளுக்குக் கோயிலிலிருந்து செண்டை மேளத்தோடு செபஸ்தியாரின் அம்பு வீடு வீடாக வரும். நம் வீட்டில் அதை எங்கே வைத்தோம்? ஒரு சினிமாக்காரன் படத்துக்கு முன்னால்! நினைக்க நினைக்க எனக்கு உடம்பு கூசுகிறது. ஜெனிக்கு மஞ்சள் காமாலை கண்டு பிள்ளை கண்ணே திறக்காமல் கிடந்தபோது, நீ சோறு தண்ணி இல்லாமல் முழந்தாளிட்டது யார் முன்னால்? அந்த ஜெபமெல்லாம் எங்கே போயிற்று, அக்கா?

அதைத்தான் எஸ்தர் மதினியிடம் சொல்லி அழுதேன். “எங்கக்கா ஆயுசு பூரா ஏமாந்து போயிட்டாளே மதினி!”

மதினி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! “ஏமாந்தாளா? ஒங்கக்காளா? அவளுக்குத் தெரியும்ட்டி.”

ஜெனி பிறப்பதற்கு முன்பே, ஒரு ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் கிளப் ஜன்னலுக்கு வெளியே நீங்கள் இருவரும் நின்று டி.வி. பார்த்தீர்களாம். அதில் இவன் வந்தானாம். நீ படம் முடியும்வரை நின்றாயாம். பிறகு சிரித்தாயாம். “எம்புட்டு நாளா எங் கஷ்டமெல்லாம் கேட்டவன், இங்கயும் வாயத் தொறக்கல பாரு மதினி!”

வந்து மெழுகுவர்த்தி ஏற்றினாயாம், வழக்கம்போல.

அடிப்பாவி! ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? உன்னைப் பெண்பார்க்க சாந்தன்பாறையிலிருந்தும் போடியிலிருந்தும் எத்தனை பேர் வந்தார்கள்! “வாயத் தொறந்தா எல்லாப் பயலும் ஒண்ணுதாம்ட்டி” என்று திருப்பி அனுப்பினாயே, அது இவனால்தானா? அப்படி என்ன இருக்கிறது அந்த முகத்தில்? ஜெனியும் அதே துண்டுப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். போனில் அதற்குக் கீழே ஊர் உலகத்துப் பெண்கள் எல்லாம் உருகி உருகி எழுதியிருக்கிறார்களாம். அவன் செத்து எத்தனை காலம்! குரல்கூடக் கேட்காத ஒருத்தனிடம் இவளுகளுக்கு என்ன?

இன்று அம்பு வரும் நாள். கோபத்தில் படத்தைக் கழற்றித் துணி சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் போட்டேன். புகையேறிய சுவரில் வெள்ளைச் சதுரம் ஒன்று தெரிந்தது. அதன் கீழே மாலை போட்ட உன் போட்டோ மட்டும் தனியாக இருந்தது. பார்க்க முடியவில்லை. செண்டைச் சத்தம் நம் லயத்து வீட்டு வரிசை முக்கில் கேட்டபோது ஓடிப்போய் எடுத்து மாட்டிவிட்டேன்.

கோயிலிலிருந்து அம்போடு வந்த புது உபதேசியார் அதை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். “இது எந்தப் புனிதரும்மா? செபஸ்தியார்னா ஒடம்புல அம்பு இருக்கணுமே?”

ஜெனி வாயைப் பொத்திக்கொண்டாள். வாயில் வந்தது உன் பேச்சுதான். “அம்பு படுறதுக்கு முந்தி எடுத்ததுங்கய்யா.”

அவர் தலையாட்டிவிட்டு ஜெபத்தைத் தொடங்கினார். என்ன தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. நாளைக்குப் பூப்பாறையில் நிஜச் செபஸ்தியார் படம் ஒன்று வாங்கிவிடுவேன், அவரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்வேன். இவனையும் கழற்றப் போவதில்லை.

எல்லாரும் போன பிறகு மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஏற்றிவிட்டு ஏலக்காய் விலை, முட்டுவலி, ஜெனியின் கல்யாணப் பேச்சு எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே நின்றேன். அவனிடம் இல்லை, கீழே இருக்கும் உன்னிடம். நீ போன நாளிலிருந்து தினமும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், அக்கா. நீயும்தான் ஒரு வார்த்தை பேசுவதில்லை.