ஃபனி என்று நீ சொன்ன சொல்

இன்று பக்கத்து வீட்டுச் சின்னவள் என் கதையைக் கேட்டுச் சிரித்து, "நீங்கள் சரியான ஃபனி, அன்ரி" என்றாள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் முல்லைத்தீவு ஆஸ்பத்திரியும் நீயும் கண்முன் வந்துவிட்டீர்கள்.

ஐம்பதுகளின் கடைசி. நாமிருவரும் புதிதாக வந்த நேர்ஸ்மார். டொக்டருக்குத் தமிழ் தெரியாது. நோயாளிகள் சொல்வதை நாம்தான் ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். ஒருநாள் நாயாற்றுக் கரையிலிருந்து மீன்பிடிக்கிற சூசை அண்ணையைக் கொண்டுவந்தார்கள். கலங்கிய தண்ணீரில் வலை இழுக்கையில் காலில் ஏதோ கடித்ததாம். நோவில்லை, வீக்கமில்லை. கட்டிலில் இருந்தபடியே வார்ட் முழுவதையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். டொக்டர் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லி வெளியேறினார்.

கட்டிலைவிட்டு எழும்பும்போது அண்ணை, "பிள்ளை, நாக்கு ஒரு மாதிரிக் கிடக்கு" என்றார்.

"உங்கட நாக்கு எப்பவும் ஒரு மாதிரித்தானே அண்ணை!" என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. ஓடிப்போய் டொக்டரை மறித்து, அவருடைய நாக்கு 'ஃபனி'யாக இருக்கிறதாம் என்றாய். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"எடியே, ஃபனி எண்டால் பகிடியெல்லே?"

ஆனால் டொக்டர் திரும்பி ஓடிவந்தார். அதற்குள் அண்ணையின் இமைகள் சரியத் தொடங்கிவிட்டன. கடித்தது கடற்பாம்பு. அன்று முழுவதும் அவருடைய மூச்சைக் காப்பாற்றப் பாடுபட்டோம். பஸ்ஸில் ஏறியிருந்தால் ஊர்போய்ச் சேர்ந்திருக்கமாட்டார்.

அவர் தேறியபின் நீ சொன்னாய்: "பகிடிக்கும் அந்தச் சொல்தான், ஒரு மாதிரிக்கும் அந்தச் சொல்தான். கொன்வென்ரில படிக்கேக்க பெரிய அகராதியில பாத்தனான். முந்தி 'ஃபன்' எண்டால் ஏமாத்திறதாம். பிறகுதான் விளையாட்டு, சந்தோசம் எண்டு வந்ததாம்."

"ஏமாத்திறதில இருந்து சந்தோசமே?"

"ஏன், சொல்லும் திருந்தாதே?"

கட்டிலில் கிடந்த சூசை அண்ணை, "அப்ப நான் ரெண்டு விதத்திலயும் ஃபனிதான்" என்றார். அன்றுதான் நீ வாய்விட்டுச் சிரித்தாய்.

நீ இறந்து வருடமொன்றாகப் போகிறது. சூசை அண்ணையின் அந்த நாளுக்குப் பிறகு நான் வேலைபார்த்த வார்ட்டுகளில் யாராவது "ஒரு மாதிரிக் கிடக்கு" என்றால், கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, "எந்த மாதிரி?" என்று கேட்டே வந்தேன். பெரும்பாலும் பசி, பயம், வீட்டுக் கவலை. கேட்டதிலேயே பாதி சுகம். சிலவேளை எழுந்து ஓடவேண்டியும் இருந்தது. நான் பழக்கிவிட்ட நேர்ஸ் பிள்ளைகளும் இன்று அப்படித்தான் இருந்து கேட்கிறார்கள். அவர்களில் ஒருத்திக்கும் உன்னைத் தெரியாது.