இரண்டு கை நீள நூல்

நவம்பர் 22, சனி. மறையூர்.

கிறிஸ்துமஸ் பீடத்துணியில் கிராஸ் ஸ்டிச் போடுவது வருடாவருடம் என் வேலை. இந்த முறை பங்குச்சாமியார் அதைத் தம்பி பெண்டாட்டி ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டார். புதிதாக வந்த பிள்ளைக்கு ஒரு வாய்ப்பாம். அவளுக்கு ஊசியே சரியாகப் பிடிக்க வராது.

காலையில் என்னிடம் வந்து நின்றாள். "மதினி, நூலு எம்புட்டு நீளம் எடுக்கணும்?"

முழங்கை நீளம் போதும். கூடினால் முறுக்கேறிச் சிக்கிக்கொள்ளும்.

"ரெண்டு கையையும் விரிச்சு அளந்து எடு. அப்பத்தான் அடிக்கடி ஊசி கோக்க வேண்டாம்" என்றேன்.

சாயங்காலம் பார்த்தால், துணியில் தைத்திருந்த சிலுவையின் பின்பக்கம் முழுக்க முடிச்சு. அவள் இழுத்த இழுப்பில் துணியே சுருங்கிப்போயிருந்தது. அம்மா தூக்கிப் பார்த்து, "கோழி கிளறுன மாதிரில்ல இருக்கு" என்று சிரித்தாள். தம்பியும் சிரித்தான். எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.

சாப்பிட்ட பிறகு ஸ்டெல்லா துணியை என் மடியில் வைத்தாள். "நீங்களே தச்சிருங்க மதினி. நீங்க சொல்லிக் குடுத்தும் எனக்கு வரல."

வாங்கியிருக்கலாம். அதற்காகத்தானே இத்தனையும்.

"சாமியாரு ஒன்ன நம்பித்தான குடுத்தாரு? பிரிச்சுட்டு நீயே தை" என்றேன்.

இப்போது அடுத்த அறையில் பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள். இங்கிருந்தே தெரிகிறது. நூல் தீரும்போதெல்லாம் எழுந்து நின்று, இரண்டு கையையும் முழுக்க விரித்து, அளந்து வெட்டுகிறாள்.