வீட்டை விட்டுப் போன மெயில்

செவ்வாய், காலை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இந்தக் காகிதத்தைக் கிழித்துக் கடலில் போடுவதாக இருந்தாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுப் போடு.

அப்பா இருக்கிறார். முதலில் அதைத் தெரிந்துகொள். மூச்சு வாங்குகிறது, கால் வீக்கம் வடியவில்லை, வாய் மட்டும் குறையவில்லை. குடிநீர் நிலையத்துல ஆயுசு பூரா வால்வு மாத்தினவனுக்கே இப்ப வால்வு மாத்தணுமாம் என்று நர்ஸிடம் சொல்லிச் சிரிக்கிறார். வரும் திங்கட்கிழமை இதய அறுவை. உன் முகத்தைப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவாராம். இனி ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது என்கிறார் டாக்டர்.

இனி நான் செய்த காரியம். அறுவையைப் பற்றி உனக்கு மூன்று மெயில் போட்டேன். நாலு நாளாகியும் பதில் இல்லை. நடுக்கடலில் போன் எடுக்காது, மெயில்தான் என்று நீதானே சொன்னாய். என் கோபம் மூக்கு நுனியில் நிற்பது, உனக்குத் தெரியும். நாலாவதாக ஒன்று எழுதினேன். நீ வர வேண்டாம், அப்பாவுக்கு ஒரே பிள்ளை, அது நான் என்று. அனுப்பிய கையோடு பக்கத்து வீட்டு டீச்சர் வந்து, நாலு நாளா மெயில் கம்பெனியே படுத்துக் கிடக்கு, யாருக்கும் எதுவும் போகலை வரலை என்றார்.

வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அப்படியானால் நான் எழுதியதும் போயிருக்காது, வீட்டுக்குள்தான் நிற்கும் என்று நினைத்தேன். வால்வுக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு வேறு எப்படித் தோன்றும்? மெயின் லைன் நின்றிருக்கும்போது வீட்டு வால்வை மூடிவிட்டால் உள்ளே இருப்பது உள்ளேதானே. இன்டர்நெட் பெட்டியைப் பிடுங்கி, துண்டில் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஐந்து நாள் சாவி என் இடுப்பில். ஆபீஸ் வேலை செய்ய முடியாமல் உன் மாமா கத்தினார், உனக்கென்ன பைத்தியமா என்று கேட்டார். காரணம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நேற்று அவரே நெட் ரிப்பேர்காரரைக் கூட்டி வந்தார். வேறு வழியில்லாமல் இருவரிடமும் ஒப்புக்கொண்டேன். அக்கா, நீங்க பட்டனை அமுக்கின நிமிஷமே அது வீட்டை விட்டுப் போயிடுச்சு, கம்பெனி மெஷின்ல காத்துக்கிட்டு இருந்திருக்கும், அவங்க சரி பண்ணதும் தானா போய்ச் சேர்ந்திருக்கும், நீங்க பூட்டி வச்சது வெறும் பெட்டியைத்தான் என்று சிரித்தார் ரிப்பேர்காரர்.

பெட்டியை மாட்டியதும் நீ அனுப்பிய மூன்று மெயில்கள் வரிசையாக வந்து விழுந்தன. கோளாறுக்கு முன்பே என் முதல் மெயில் உனக்குக் கிடைத்திருக்கிறது. கேப்டனிடம் லீவு கேட்டிருக்கிறாய். மாற்று ஆள் ஏற்பாடு செய்து, வியாழக்கிழமை துறைமுகத்தில் இறங்குவதாக எழுதியிருக்கிறாய். கடைசியில், ஏன்க்கா பேச மாட்டேங்கிற, அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்விக்குப் பதிலாக என் நாலாவது மெயில் உன்னிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மன்னிப்புக் கேட்டு இரண்டு மெயில் போட்டேன். உன் கம்பெனிக்குப் போன் செய்தேன். அவரு இறங்கலைன்னுட்டாரே, அக்காகிட்டேர்ந்து எந்தச் சேதியும் வேணாம்னுட்டாரு என்றார் அங்கிருந்த அம்மாள். பிறகு என் குரலைக் கேட்டு மனம் இளகியோ என்னவோ, மாத்து ஆள் இன்னும் அந்தத் துறைமுக ஊர்லதான் இருக்காரு, கப்பல் கிளம்பறதுக்குள்ள சொன்னா போதும் என்று, கடிதம் அனுப்பத் துறைமுக ஏஜென்ட் விலாசமும் கொடுத்தார். வியாழன் காலைக்குள் சேர்த்துவிடுவதாகக் கூரியரில் சொல்கிறார்கள்.

என் கையெழுத்தைப் பார்த்தால் நீ உறையைப் பிரிக்க மாட்டாய். நானாக இருந்தாலும் பிரித்திருக்க மாட்டேன். அதனால்தான் விலாசத்தை அப்பாவை எழுத வைத்தேன். கை நடுங்கி மூன்று உறை வீணாகிவிட்டது. உள்ளே என்ன எழுதப் போகிறாய் என்று கேட்டார். எந்த வழியாக வர வேண்டும் என்று எழுதுகிறேன் என்றேன். நான் எழுதிய மெயிலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளை வருகிறான் என்று இப்போதே சவரம் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

என்னைத் திட்டு. இங்கே வந்து, அப்பா எதிரிலேயே திட்டு. கப்பலை விட்டு இறங்கிவிடு தம்பி.

வாசலையே பார்த்திருக்கும்,
உன் அக்கா